ஏழு எழுத்தில் கொழும்பு: ரோமன் பேரெழுத்து வரைந்து பார்த்த அனுபவம்

ரோம் நகரில் கி.பி. 113இல் எழுப்பப்பட்ட திராஜன் தூணின் அடிப்பீடத்தில் உள்ள கல்வெட்டு, செரிஃப் எனப்படும் நுனிக்கால்களையுடைய பேரெழுத்துகளைப் பழகுவோருக்கு நெடுங்காலமாக முன்மாதிரியாக இருந்து வருகிறது. அதில் எச், ஜே, கே, யூ, டபிள்யூ, வை, இசட் ஆகியவை இல்லை. ஆனால் நமது ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுத வேண்டிய சீ, ஓ, எல், எம், பீ ஆகிய ஐந்தும் இருக்கின்றன. ஆகவே அந்தப் பெயரையே எழுதிப் பழகுவது என்று முடிவு செய்தேன். ஏழு எழுத்தில் மூன்று ஓ வருவதால் வேலை குறையும் என்று அப்போது எண்ணியிருந்தேன்.

முதல் வாரம் வீணாயிற்று. கவராயத்தால் இரு வட்டங்கள் போட்டு வரைந்த ஓ, வளையலைப் போலக் கிடந்தது. அடிமட்டம் வைத்து எல் எழுத்தின் தண்டை, அதாவது அதன் நிமிர்ந்த கோட்டை, இழுத்து, அதன் முனையில் சிறு கோடு ஒன்றைச் சேர்த்தேன். அது ஒட்டவைத்ததாகவே தெரிந்தது.

எட்வர்ட் கேட்டிச் என்ற பாதிரியார் 1968இல் வெளியிட்ட ஆய்வில், கல்லில் உளி படுவதற்கு முன்பே எழுத்துகள் தட்டைத் தூரிகையால் எழுதப்பட்டன என்றும், செரிஃப் அந்தத் தூரிகையின் திருப்பத்திலேயே உருவானது என்றும் வாதிட்டார். அதைச் சோதிக்கப் புறக்கோட்டையில் எட்டு மில்லிமீற்றர் தட்டைத் தூரிகை ஒன்றை வாங்கி, கொப்பிக்கு உறை போடும் பிரவுண் பேப்பரை விரித்து, தண்டின் அகலத்தைப் போலப் பத்து மடங்கு உயரம் வைத்து எழுதத் தொடங்கினேன். தூரிகையின் விளிம்பை அடிக்கோட்டுக்கு ஏறத்தாழ 30 பாகை சாய்த்துப் பிடித்தால், ஓவின் மெல்லிய இடங்கள் கடிகாரத்தின் பதினொரு மணிக்கும் ஐந்து மணிக்கும் தாமாகவே வந்து நிற்கின்றன. கவராயத்தால் ஒருபோதும் கிடைக்காத சாய்ந்த அச்சு அதுதான்.

எம் என்ற எழுத்து என்னை மூன்று மாலைகள் அலைக்கழித்தது. அதன் முதற்கால் மெல்லியது, அடுத்த சாய்கோடு தடித்தது, பின்னர் மெல்லியது, கடைசிக்கால் தடித்தது. இதை அறியாமல் இரு கால்களையும் தடிப்பாக எழுதியதைப் பார்த்த தம்பி, அதை முக்காலி என்றான். ஒரே சாய்வில் பிடித்திருந்தால் முதற்கால் மெலியாது. தூரிகையை நிமிர்த்திப் பிடித்து இறக்கி, மற்றக் காலுக்கு மீண்டும் சாய்க்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை வுல்பெண்டால் தேவாலயத்துக்குச் சென்று, தரையில் பதிக்கப்பட்டுள்ள ஒல்லாந்தர் காலக் கல்லறைக் கற்களின் எழுத்துகளைப் பார்த்தேன். தண்டு செரிஃபில் முடியும் இடம் நேரே முறிகிறதா, வளைந்து இறங்குகிறதா என்பதே எனக்குத் தேவைப்பட்டது. அந்த வளைவு ஆங்கிலேய அச்செழுத்து வடிவமைப்பாளர் பாஸ்கர்வில்லின் எழுத்தில் உண்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் போடோனியின் எழுத்தில் அது ஏறக்குறைய மறைந்து, செரிஃப் மயிரிழையாகிவிடுகிறது. அந்தத் தேவாலயம் திறக்கப்பட்ட 1757ஆம் ஆண்டிலேயே பாஸ்கர்வில் பர்மிங்ஹாமில் தமது முதல் நூலான வர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டார் என்பது தற்செயல்தான். ஆயினும் எனக்குப் பிடித்த தற்செயல்.

தேர்ந்த எழுத்துகளைப் படமெடுத்து எழுத்துரு உருவாக்கும் ஃபொண்ட்ஃபோர்ஜ் மென்பொருளில் கோடுகளாக்கினேன். ஆயிரம் அலகு கொண்ட சட்டகத்தில் பேரெழுத்தின் உயரத்தை 700 என வகுத்துக்கொண்டு, தூரிகையில் சற்றே வெளியே வழிந்திருந்த ஓவையும் ஒழுங்காக 700க்குள் அடக்கினேன். உடனே அது எல் எழுத்தைவிடச் சிறியதாகத் தோன்றியது. வட்டம் கோட்டை ஒரு புள்ளியில் மாத்திரமே தொடுவதால் கண் அதைக் குறைத்து மதிக்கிறது. மேலும் கீழும் பத்து அலகு நீட்டியபின் இரண்டும் சமமாயின. கை சரியாகச் செய்திருந்ததை நான்தான் திருத்திக் கெடுத்திருக்கிறேன்.

எழுத்துகளுக்கிடையேயான இடைவெளி வேலை இன்னும் முடியவில்லை. எல்லின் மேற்புறம் வெறுமையாக இருப்பதால் அடுத்த ஓவை 60 அலகு உள்ளே தள்ளினேன்; எல்லின் கை இப்போது ஓவின் வளைவுக்கு அடியில் நுழைந்து நிற்கிறது. எம்மும் பீயும் இரு தண்டுகளாக எதிரெதிரே நிற்பதால் அங்கேதான் அதிக இடம் விட வேண்டியிருக்கிறது. ஆனால் அவ்வளவு இடம் விட்டால் பெயர் ‘கொலம்’, ‘போ’ என இரண்டாகப் பிளந்து வாசிக்கப்படுகிறது. நேற்றிரவு பத்து அலகு குறைத்து அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.