ஊசி எழுப்பிய நொதி: என் மாரடைப்பு அனுபவம்

சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு விடியற்காலை, நெஞ்சின் நடுவில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தது போன்ற பாரத்துடன் விழித்தேன். வாயுத் தொல்லைதான் என்று முடிவு செய்து, வழக்கமாகப் போடும் ஒமிப்ரசோல் மாத்திரை ஒன்றை விழுங்கி அரைமணி நேரத்தை வீணாக்கினேன். வலி தாடை வரை ஏறி, பனியன் வியர்வையில் நனைந்த பிறகே மகன் என்னை ஊர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான்.

இ.சி.ஜி.யிலேயே மாரடைப்பு என்று தெரிந்துவிட்டது. ரத்தம் எடுத்தார்களே தவிர, முடிவுக்காக யாரும் காத்திருக்கவில்லை. இதயத் தசை சிதைந்தால்தான் சி.கே.-எம்.பி. என்ற நொதியும் (உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதமே நொதி) ட்ரோபோனினும் ரத்தத்தில் கசியும். அவை கண்டறியும் அளவுக்கு உயரச் சில மணி நேரம் பிடிக்கும் என்று பின்னர் அறிந்தேன். (ட்ரோபோனின் வெறும் புரதம், நொதியன்று, ஆனாலும் பேச்சுவழக்கில் அதையும் 'கார்டியாக் என்சைம்' என்றே சொல்கிறார்கள்.)

ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லிவிட்டு எடையைக் கேட்டார்கள். 64 கிலோ என்றேன். பக்கவாதம் வந்ததுண்டா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, மலத்தில் ரத்தம் போனதா என்று அடுக்கடுக்காகக் கேட்ட பின், 35 மில்லிகிராம் டெனெக்டிப்ளேஸை ஒரே மூச்சில் நரம்பில் ஏற்றினார்கள். இதயத் தமனியை அடைத்த ரத்தக்கட்டியை அந்த மருந்தே கரைப்பதாக எண்ணியிருந்தேன், அது தவறு. நம் ரத்தத்தில் செயலற்றுச் சுற்றும் பிளாஸ்மினோஜனை அது பிளாஸ்மின் என்ற நொதியாக மாற்றுகிறது. கட்டியைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைப்ரின் வலையை அறுப்பது நம்முடைய அந்த நொதிதான். அடைத்த இடம் எது, காயம் ஆறிக்கொண்டிருக்கும் இடம் எது என்று அதற்கு முழுமையாகப் பிரித்தறியத் தெரியாது என்பதால்தான் அத்தனை கேள்விகள். எனக்கு ஈறில் சற்று ரத்தம் கசிந்ததோடு சரி. ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்த இ.சி.ஜி.யில் மேலேறியிருந்த கோடு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

மறுநாள் பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோ, அதாவது மணிக்கட்டுத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி இதயத் தமனிகளின் அடைப்பைப் பார்க்கும் சோதனை. வலது கையை இறுக மூடச் சொன்ன மருத்துவர், மணிக்கட்டின் இருபுறத் தமனிகளையும் விரல்களால் அழுத்திப் பிடித்தார். கையைத் திறந்தபோது உள்ளங்கை வெளுத்திருந்தது. சுண்டுவிரல் பக்கத்துத் தமனியை மட்டும் அவர் விடுவித்ததும், சில நொடிகளில் கை முழுவதும் சிவந்தது. இரு தமனிகளும் உள்ளங்கையில் வளைவாக இணைந்திருப்பதால், குழாய் நுழைக்கும் தமனி பின்னர் அடைபட்டாலும் மற்றொன்று கைக்கு ரத்தம் தரும் என்பதை உறுதி செய்துகொள்ளும் சோதனை அது. தமனியின் சுவரில் தசை இருப்பதால் அது குழாயை இறுக்கிப் பிடிக்கக்கூடும். அதைத் தளர்த்தச் செலுத்திய மருந்து முழங்கை வரை எரிந்தது. அதன் பிறகு குழாய் இதயம் வரை சென்றதை நான் உணரவேயில்லை.

இடப்பக்கத்து முக்கியத் தமனியில் 80 சதவீத அடைப்பு. தண்ணீர்க் குழாயில் உப்பு படிவது போல என்று பலரும் சொல்வார்கள்; உண்மையில் கொழுப்பு சேர்வது சுவருக்குள்ளே. அதன் மேல்தோல் கிழிந்த இடத்தில்தான் ரத்தம் உறைகிறது. பலூனால் விரித்து, தமனியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்தார்கள்.

இப்போது உண்ணும் மாத்திரைகளிலும் நொதிகளின் கணக்கே ஓடுகிறது. ஆஸ்பிரின், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் ஒரு நொதியை நிரந்தரமாக முடக்குகிறது. உட்கரு இல்லாத தட்டணுவால் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள முடியாது. அடோர்வாஸ்டேடின், கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் நொதியைத் தடுக்கிறது. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மட்டும் நேர்மாறு: கல்லீரல் நொதி ஒன்று அதை மாற்றியமைத்தால்தான் அது வேலை செய்யும். அந்த நொதியைத் தடுப்பது ஒமிப்ரசோல் என்பதால், வீடு திரும்பும் நாளில் மருத்துவர் அதை அடித்துவிட்டுப் பான்டோபிரசோல் எழுதினார். அலமாரியில் மீதமிருந்த பழைய அட்டையை என் மனைவி அன்றிரவே குப்பையில் போட்டாள்.