டொக்டர் என் கையைத்தான் பார்த்தார்

தங்கச்சியின் கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கேக்க, விடிய எழும்பிக் கண்ணாடியைப் பார்த்தால் மேல் இமை ரெண்டும் சிவந்து ஊதிப்போய்க் கிடந்தது. ஓரத்தில் மீன் செதில் மாதிரிப் பொருக்கு. தண்ணி பட்டால் எரிந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இரவிரவா போன் பாத்தனியெண்டால் இப்பிடித்தான்" என்றா. எங்கட வீட்டில் காய்ச்சலில் இருந்து கால் நோ வரைக்கும் எல்லாத்துக்கும் அந்தப் போன்தான் காரணம்.

என் சந்தேகம் வேற. மூன்று கிழமைக்கு முன்னம் 3,500 ரூபாய் குடுத்து ஒரு கண் கிறீம் வாங்கியிருந்தன். கலியாணப் படத்தில் கருவளையம் தெரியக்கூடாது என்ற ஆசைதான். ஆனி மாதம், சோளகம் அடிச்சு வீசுற நேரம். கொக்குவிலில் இருந்து ரவுணில் உள்ள கந்தோருக்கு ஸ்கூட்டியில் போய்வர, கே.கே.எஸ். வீதிப் புழுதி முழுக்க முகத்தில்தான். கண் அரிக்கும், தேய்ப்பன். பிறகு கிறீமைப் பூசுவன். அரிப்புக் கூடக் கூட இன்னும் கொஞ்சம் பூசினன்.

அதுக்குள்ள இன்னொரு விசர் வேலையும் பார்த்தன். ஒரு பாமசியில் கேட்க, சின்ன ரியூப் ஒன்றை எடுத்துத் தந்தார்கள். பூசி ரெண்டு நாளில் வடிவாய்க் குறைந்தது. விட்ட மூன்றாம் நாள் முந்தியதை விட மோசமாய்த் திரும்பி வந்தது. உள்ளே இருந்தது கடுமையான ஸ்டீரொயிட் என்று பிறகுதான் தெரிந்தது. இமையில் அதைக் கன நாள் பூசினால் தோல் இன்னும் மெலிஞ்சு போகும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம். என்ன மருந்தென்று கேட்காமல் வாங்கினது என் பிழைதான், ஆனால் ஒரு சொல் சொல்லித் தந்திருக்கலாம்.

கடைசியில் தோல் டொக்டரிடம் போனன். பையில் இருந்த கிறீம், முகம் கழுவுறது, பவுடர் எல்லாத்தையும் மேசையில் கடை பரப்பினன். அவ அதுகளைப் பெரிசாய்ப் பார்க்கவில்லை.

"பிள்ளை, அதெல்லாம் கிடக்கட்டும். கையைக் காட்டுங்கோ."

நீட்டினன். பத்து விரலிலும் புது மெரூன் நிறம், சேலைக் கரைக்குப் பொருத்தமாய். அந்த மாதம் முழுக்க நிறம் பார்க்கிறன் என்று கிழமைக்கு ரெண்டு தரம் மாற்றி மாற்றிப் பூசியிருந்தன். எங்கட ஊரில் எந்த நெயில் பொலிஷும் 'கியூட்டெக்ஸ்'தான். என்னுடையது உண்மையில் வேற ஏதோ கொம்பனி.

"எனக்கு நகத்திலயோ விரலிலயோ ஒண்டும் இல்லையே டொக்டர்?"

"அங்க பெரும்பாலும் வராது. இமையிலதான் வரும்."

அவ விளங்கப்படுத்தினது இதுதான். உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல், அரை மில்லிமீற்றர் அளவில்தான். எண்ணெய்ச் சுரப்பியும் அங்கே குறைவு. விரல் நுனித் தோல் தடிப்பு, நகம் அதை விடத் தடிப்பு. சில நெயில் பொலிஷில், நகத்தில் ஒட்டிப் பளபளக்கச் சேர்க்கிற ஒரு பிசின், டொசிலமைட் போர்மல்டிகைட், சில பேருக்கு ஒவ்வாது. சரியாய்க் காயாத கையால் கண்ணைக் கசக்கினால் அது போய் இமையில் படும். விரல் சும்மா இருக்கும், இமைதான் வீங்கும். ஜெல் பொலிஷில் அக்ரிலேட் என்ற இரசாயனமும் இதே ஒவ்வாமையைக் கிளப்பலாம். தலைக்குப் பூசுற டையும் இப்பிடித்தானாம், சில நேரம் தலையை விட்டுட்டு இமையைப் பிடிக்கும். அதோட, பட்ட உடனே தெரியாது. ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சுத்தான் கிளம்பும். ஞாயிறு பின்னேரம் பூசினதுக்குச் செவ்வாய் விடிய வீங்கினால் ஆர் நெயில் பொலிஷைச் சந்தேகிப்பினம்? நான் கிறீமைத் திட்டினன், அம்மா போனைத் திட்டினா.

எல்லாத்தையும் நிப்பாட்டச் சொன்னா. மெல்லிய களிம்பு ஒன்று நாலே நாலு நாளுக்கு, பிறகு வெறும் பெற்றோலியம் ஜெலி. அடங்காவிட்டால் முதுகில் சின்னச் சின்ன ஒட்டு ஒட்டி 48 மணித்தியாலம் விட்டுப் பார்க்கிற சோதனை இருக்கு என்றா. அதுக்குத் தேவை வரவில்லை. பத்து நாளில் இமை பழையபடி. புரட்டாதியில் ஒரு சாமத்தியவீட்டுக்கு ஆசைப்பட்டுத் திரும்பப் பூசினன். மூன்றாம் நாள் அரிச்சது. சோதனை அதோட முடிஞ்சுது.

இப்ப கண்ணைச் சுற்றி நான் செய்யிறது மிச்சம் குறைவு. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாற தண்ணி, கேத்தில் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிறதைப் பார்த்தால் விளங்கும். சவர்க்காரம் நுரைக்காது, தோலில் பிசுக்காய் நிற்கும். அதால இமைக்குச் சவர்க்காரமே இல்லை. கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் காய முதல் கொஞ்ச ஜெலி, மோதிர விரலால். அந்த விரல் மெதுவாய்த்தான் அழுத்தும். தடிப்பான கிறீமை அப்பினால் கடுகு மாதிரி வெள்ளைக் குருணி வரும், எனக்கு ஒருக்கா வந்தது. ஸ்கூட்டியில் போகேக்க பெரிய கறுப்புக் கண்ணாடி. வெயிலுக்கும் புழுதிக்கும் சேர்த்து. முகம் வீங்கி எழும்புற நாளில் குளிர்ந்த நுங்கைத் துணியில் சுத்தி வைக்கிறன். வெள்ளரிக்காயை விட நுங்குதான் எனக்குப் பிடிப்பு. குளிர்தானே வேலை செய்யிறது, எதில இருந்து வந்தாலென்ன. மிச்சத்தைச் சாப்பிடவும் செய்யலாம். தேசிக்காய்ப் புளி மட்டும் வேண்டாம். பூசிட்டு வெயிலுக்குப் போனால் தோல் வெந்து கறுத்துப் போகும்.

கருவளையம்? அது அப்பிடியே இருக்கு. அம்மம்மாவின் கலியாணப் படம் எங்கட விறாந்தையில் தொங்குது, கறுப்பு வெள்ளை. அவவுக்கும் கண்ணுக்குக் கீழே அதே பள்ளம், அதே நிழல். முகத்தை வெளிச்சத்துக்கு நிமிர்த்தினால் எனக்கு அது அரைவாசி காணாமல் போகுது, அப்ப அது கறுப்பு இல்லை, பள்ளத்தின் நிழல்தான். எந்தக் கிறீமும் பள்ளத்தை நிரப்பப் போறதில்லை.

போன கிழமை அம்மம்மா குசினியில் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தா. நானும் இருந்து கிள்ளினன். கண் அரிக்கக் கையைத் தூக்கினன்.

"எடியே, கையால தொடாத! தோளில தேய்."

எண்பத்திமூன்று வயது. டொக்டருக்கு 2,500 ரூபாய் குடுத்தது ஞாபகம் வந்தது. தோளில் தேய்த்தன்.