முன்னால் போகிறவர்கள்

இந்த சீசனை நினைத்துப் பார்த்தால் என்னுடைய நேரங்களோ பதக்கங்களோ முதலில் நினைவுக்கு வருவதில்லை. எனக்கு முன்னால் போனவர்கள்தான் வருகிறார்கள். தண்ணீரில் அவர்களுடைய பாதம், சைக்கிளில் முதுகு, ஓட்டத்தில் கெண்டைக்கால். முகம் பார்த்தது ரொம்பக் குறைவு. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே பந்தயத்தில் அடுத்தடுத்து முடிக்கும் ட்ரையத்லானைத் தனியாள் விளையாட்டு என்பார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் இதற்குள் வந்தேன். இந்த வருடம் அந்த எண்ணம் மாறிவிட்டது.

சீசன் தொடங்கியது ஸ்பிரின்ட் என்கிற குறுந்தூரப் பந்தயத்தில்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் ஒலிம்பிக் தூரம். அதில் எல்லாம் இரட்டிப்பு. கடைசியாக ஹாஃப் என்கிற நீண்ட பந்தயம்: அதே வரிசையில் 1.9, 90, 21.1 கிலோமீட்டர்.

நீச்சலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சீசனை மாற்றியதே அதுதான். நீச்சல் குளத்தில் கண்ணுக்குக் கீழே கறுப்புக் கோடு ஓடும், முட்டிக்கொள்ள ஆள் இருக்காது. திறந்த நீரில் கோடும் இல்லை, சுவரும் இல்லை. கலங்கலான தண்ணீரில் நீட்டிய கையே தெரியாது. தொடக்க ஒலி கேட்டதும் நான்கு பக்கமும் கையும் காலும்தான். முன்பெல்லாம் கூட்டம் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கித் தனியாக நீந்துவேன். இந்த முறை கூட்டத்துக்குள்ளேயே போனேன். சரியான பாதத்தைத் தேடிப் பிடித்து அதன் பின்னாலேயே போகக் கற்றுக்கொண்டேன்.

சரியான பாதம் என்று சும்மா சொல்லவில்லை. சிலர் காலைப் போட்டு அடிப்பார்கள். நுரையைத் தவிர எதுவும் தெரியாது, அவர்களும் சீக்கிரமே களைத்துவிடுவார்கள். சிலருடைய கால் கிட்டத்தட்ட அசையவே அசையாது. தண்ணீர் கலங்கினால் ஆளைத் தொலைத்துவிடுவோம். எனக்குத் தோதானவர் அளவாக, ஒரே தாளத்தில் அடிக்கிறவர். குதிகாலிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் கோடு போட்ட மாதிரி வரும். அந்தக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். விரல் அவர் பாதத்தில் படாத அளவுக்கு இடைவெளி வைக்க வேண்டும். ஓயாமல் உள்ளங்காலைச் சுரண்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? முன்னே போகிறவர் கிழித்துவைத்த தண்ணீரில் நமக்கு உழைப்பு குறைகிறது. அதே வேகம், ஆனால் மூச்சு முட்டுவதில்லை. விதியும் இதைத் தடுப்பதில்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போகவும் முடியாது. முன்னே போகிறவரே திசை மாறிப் போயிருக்கலாம். ஆறேழு கைவீச்சுக்கு ஒரு முறை, வழிகாட்டும் மிதவை எங்கே என்று பார்த்தாக வேண்டும். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு அமிழ்ந்துவிடும். கண்ணாடி மட்டும் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கணும், மூச்சைப் பக்கவாட்டில் எடுக்கணும். இதை வாரக்கணக்கில் குளத்திலேயே பழகினேன், பக்கத்து லேனில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க.

ஒலிம்பிக் தூரப் பந்தயத்தில் தண்ணீர் 23 டிகிரி. உலக ட்ரையத்லான் கூட்டமைப்பின் விதிப்படி ஏஜ் குரூப் வீரர்களுக்கு, அதாவது வயதுப் பிரிவில் போட்டியிடும் என்னைப் போன்ற அமெச்சூர்களுக்கு, 1,500 மீட்டர் வரையான நீச்சலில் 22 டிகிரியைத் தாண்டினால் வெட்சூட் என்கிற ரப்பர் நீச்சலுடை கிடையாது. வெட்சூட் உடம்பை மிதக்க வைக்கும். என்னைப் போல் கால் அமிழ்கிறவர்களுக்கு அது பெரிய துணை. அறிவிப்பு வந்ததும் கரையில் முகங்கள் வாடியதைப் பார்த்தேன். எனக்கு ஏனோ பயம் வரவில்லை. இருநூறு மீட்டருக்குள் ஒரு நல்ல பாதம் கிடைத்தது. கரை வரை அதை விடவில்லை.

சைக்கிளில் எல்லாம் தலைகீழ். தண்ணீரில் ஒட்டிக்கொண்டு போன அதே ஆள், இங்கே ஒட்டினால் தண்டனை. ஒலிம்பிக் தூரத்தில் 10 மீட்டர், ஹாஃபில் 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். அதற்குள் நுழைந்தால் குறிப்பிட்ட நொடிகளுக்குள் முந்தியாக வேண்டும். நம்மை ஒருவர் முந்திவிட்டால் நாம்தான் பின்வாங்க வேண்டும். ஒலிம்பிக்ஸில் ஓடும் முன்னணி வீரர்களுக்குக் கூட்டமாகப் போக அனுமதி உண்டு, ஏஜ் குரூப்பிலும் அப்படி விட்டால் என்ன என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சமதரையில் நம்மைப் பிடித்து நிறுத்துவதில் பெரும் பங்கு காற்றுக்குத்தான். ஒட்டிப் போகிறவருக்குக் கிடைக்கும் லாபம் பந்தயத்தையே புரட்டிப் போட்டுவிடும். அதோடு ஏரோபாரில், அதாவது முன்னால் நீட்டிய கைப்பிடியில், படுத்திருக்கும்போது கை பிரேக்கில் இல்லை. பல திறமை கலந்த கூட்டத்தில் அப்படி நெருங்கிப் போனால் எலும்புதான் முறியும்.

ஹாஃபின் 90 கிலோமீட்டரில் செய்ததெல்லாம் இரண்டே வேலை. அடக்கி மிதித்தேன், வாட்ச் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அதிரும்போது, பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எதையாவது உள்ளே தள்ளினேன். என்னைத் தாண்டிப் போனவர்கள் நிறையப் பேர். போகட்டும் என்று விட்டேன். அதற்குப் பெரிய மன உறுதி தேவைப்பட்டது.

அப்புறம் ஓட்டம். சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டிய பிறகுதான் ஹெல்மெட் பட்டியைக் கழற்ற வேண்டும், ஷூவுக்குள் காலை நுழைக்க வேண்டும், கிளம்ப வேண்டும். முதல் இரண்டு கிலோமீட்டர் தொடை நம்முடையதாகவே இருக்காது. மணிக்கணக்கில் குனிந்து வட்டமாகச் சுழன்ற கால்களை நிமிர்த்தித் தரையில் ஊன்றச் சொல்கிறோம், பாவம். வாரம் தவறாமல், சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு ஓடும் பிரிக் பயிற்சி செய்ததில் கிடைத்த பாடம் இதுதான்: அடியைச் சின்னதாக வை, வாட்சைப் பார்க்காதே, இது சரியாகிவிடும். சரியாகவும் ஆகும்.

அந்தப் பந்தயத்தில் எல்லோருடைய கெண்டைக்காலிலும் வயதை மார்க்கரால் எழுதிவிட்டிருந்தார்கள். வியர்வையில் மை லேசாகக் கசிந்திருக்கும், ஆனாலும் படிக்கலாம். யார் நம்மைத் தாண்டினாலும் அவர் வயது நம் கண் முன்னே ஆடிக்கொண்டு போகும். பதினான்காவது கிலோமீட்டர் வாக்கில் என்னைத் தாண்டிய காலில் 61 என்று இருந்தது. மெலிந்த, நரம்போடிய கால். பாதம் தரையில் படும் சத்தமே கேட்கவில்லை. நான் அப்போது நடக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "கூடவே வாங்க, அடுத்த தண்ணி வரைக்கும்தான்" என்றார். போனேன். தண்ணீர் வந்தது, குடித்தோம். "அடுத்த தண்ணி வரைக்கும்" என்றார் மறுபடியும். இப்படியே நான்கு கிலோமீட்டர் என்னை இழுத்துக்கொண்டு போனார். அப்புறம் வேகத்தைக் கூட்டிப் போய்விட்டார், என்னால் பிடிக்க முடியவில்லை. மிச்சத்தை நடக்காமல் ஓடி முடித்தேன்.

2016-இல் மெக்சிகோவின் கொசுமெல்லில் நடந்த ட்ரையத்லான் பந்தயத்தின் கடைசிச் சில நூறு மீட்டரில் பிரிட்டிஷ் வீரர் ஜானி பிரௌன்லீ தள்ளாடி நின்றபோது, அண்ணன் அலிஸ்டர் அவருடைய கையைத் தன் தோளில் போட்டு இழுத்துப்போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்ட காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அண்ணன் தம்பி பாசம் என்றுதான் நான் அதைப் பார்த்திருந்தேன். பெயர் தெரியாத ஒருவர் எனக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்த பிறகு, அந்தக் காட்சி எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

முடிவுக் கோட்டுக்கு அப்பால் அவரைத் தேடினேன். ஒரு வாளியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். நன்றி சொன்னேன். "எனக்கும் அப்போ துணை தேவைப்பட்டது" என்றார். அவருக்குத் தேவைப்பட்ட மாதிரி எனக்குத் தெரியவே இல்லை!

அடுத்த சீசனில் ஹாஃப் கிடையாது. ஒலிம்பிக் தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட்டத்தைச் சீர்செய்யப் போகிறேன். ஒரு பந்தயத்தில் ஓடாமல், தண்ணீர் கொடுக்கும் இடத்தில் நிற்கவும் பெயர் கொடுத்திருக்கிறேன். பத்தாவது கிலோமீட்டருக்கு மேல் எங்கே வேண்டுமானாலும் போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.