பந்தி பரிமாறவா, யோசனை சொல்லவா?

கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை. பொழுது விடிந்ததும் சாலையில் விழுந்து கிடந்த மரங்களை வெட்டி வழி விட்டவர்கள் எங்கள் ஊரின் இருபது வயதுப் பிள்ளைகள்தான். கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டில் தெருத்தெருவாக எழுதினார்கள்: எந்த வீட்டில் கூரை போயிற்று, எங்கே கைக்குழந்தை இருக்கிறது, யாருக்கு இன்னும் அரிசி வரவில்லை. நிவாரண லாரி வந்தபோது ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் அந்த நோட்டைத்தான் நம்பினோம்.

அப்புறம் ஓடு மாற்றினோம், தென்னங்கன்று வைத்தோம், அந்தப் பிள்ளைகளை மறந்துவிட்டோம்.

விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் எங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நான் இயக்குநர்களில் ஒருத்தி. மன்னார்குடிக்குத் தெற்கே ஊர். நான் உள்ளே போனபோது இயக்குநர் கூட்டத்தில் ஐம்பது வயதுக்குக் கீழே இருந்தது நான் மட்டும்தான். விதை, உரம், மிஷின் வாடகை எல்லாம் நாங்களே பேசி நாங்களே முடிவெடுப்போம். இளைஞர்கள் வராததற்குச் சோம்பல் காரணமில்லை. உற்பத்தியாளர் நிறுவனத்தில் உற்பத்தியாளர்தான் பங்குதாரர் ஆக முடியும், எங்கள் நிறுவனத்தில் அதற்கு நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா கேட்கிறோம், சிட்டாவோ அப்பா பெயரில் இருக்கும், பல வீடுகளில் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். ஓட்டுப் போடும் வயதை 18 ஆக்கியது 1989-ல். பதினெட்டு வயதில் முதலமைச்சர் யார் என்று முடிவு செய்யலாம், ஆனால் அறுவடை மிஷின் எந்த வயலுக்கு முதலில் போக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது. எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் இளைஞர் ஆலோசனைக் குழு ஒன்று வைக்கலாம் என்று பேசினேன். யாரும் மறுக்கவில்லை. ஏழு பேர் பட்டியல் ஒரே நாளில் தயார். அதில் ஐந்து பேர் இயக்குநர்கள் வீட்டுப் பிள்ளைகள், ஒரு பெண்தான், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லை. அதைப் பார்த்த அன்றே நான் எழுந்து கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அந்த ஏழு பேரையும் வரச் சொன்னோம். நாற்காலி போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், சாப்பாடு பரிமாறினார்கள், கடைசியில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் மைக் கொடுத்தோம். எல்லாம் முடிந்து இலை எடுக்கும்போது அந்தப் பெண் என்னிடம் வந்து, "அக்கா, எங்களைக் கூப்பிட்டது யோசனை கேட்கவா, பந்தி பரிமாறவா?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1992-ல் யுனிசெஃபுக்காக ரோஜர் ஹார்ட் என்பவர் சிறுவர்களும் இளையவர்களும் முடிவுகளில் பங்கெடுப்பதை எட்டுப் படி கொண்ட ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். கீழே இருக்கும் மூன்று படிகளை அவர் பங்கேற்பு என்றே ஒத்துக்கொள்ளவில்லை: பிள்ளைகளைப் பெரியவர்களின் காரியத்துக்குப் பயன்படுத்துவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்கு உட்கார வைப்பது. நாங்கள் செய்தது அந்த இரண்டாவது, மூன்றாவது படிகள்தான். 2020-ல் ஐ.நா. பொதுச்செயலாளர் காலநிலை பற்றி ஆலோசனை சொல்ல இளைஞர்கள் ஏழு பேரைக் கொண்ட குழுவை அமைத்தார், ஒடிசாவின் அர்ச்சனா சோரெங் அதில் ஒருவர். எங்கள் குழுவிலும் ஏழு பேர்தான். எத்தனை பேர் என்பதில் ஒன்றுமே இல்லை, அவர்கள் சொன்னதற்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குழுவைக் கலைத்துத் திரும்பப் போட்டோம். தெருவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். சிட்டா கேட்கவில்லை, குத்தகைக்குச் சாகுபடி செய்யும் வீடு, நடவுக்குக் கூலிக்குப் போகும் வீடு, எல்லா வீட்டிலிருந்தும் வரலாம். கூட்டம் முன்பெல்லாம் புதன்கிழமை பதினொரு மணிக்கு, அந்த நேரத்தில் காலேஜ் பிள்ளைகள் மன்னார்குடியிலோ திருவாரூரிலோ இருப்பார்கள். அதை ஞாயிறு மூன்று மணிக்கு மாற்றினோம், இருட்டுவதற்குள் பெண் பிள்ளைகள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். பஸ் காசு நிறுவனம் தரும். கூட்டத்தில் பேசப் போகும் விஷயம் ஒரு வாரம் முன்பே அவர்கள் கைக்குப் போய்விடும். முக்கியமானது ஒன்று: அவர்கள் எழுதிக் கொடுக்கும் யோசனைக்கு இயக்குநர்கள் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். இந்த ஒன்றுக்குத்தான் பெரிய சண்டை. "சின்னப் புள்ளைங்களுக்கு நாம பதில் எழுதணுமா?" என்று மூத்த இயக்குநர் ஒருவர் எழுந்தே போய்விட்டார்.

முதல் யோசனை அறுவடை மிஷின் பற்றி வந்தது. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குறுவை நெல் அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு மல்லுக்கட்டும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லைத் திருப்பிவிடுவார்கள், மிஷின் இரண்டு நாள் தள்ளி வந்தால் நெல் சாய்ந்து முளைத்துவிடும். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பெல்ட் மிஷின். யாருக்கு மேனேஜரின் போன் நம்பர் தெரியுமோ அவர்கள் வயலுக்கு அது முதலில் போகும். இரண்டு மா, மூன்று மா என்று சின்ன நிலம் வைத்திருப்பவர் கடைசி. பிள்ளைகள் சொன்னது இதுதான்: போனில் பதிவு வேண்டாம், வாய்க்கால் வரிசையில் மிஷின் போகட்டும், ஒரு வாய்க்காலில் இறங்கினால் அதிலுள்ள சின்ன வயல்களையும் அறுத்துவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர வேண்டும், வரிசையை ஆபீஸ் வாசல் போர்டில் எழுதி வைக்க வேண்டும். மிஷின் அங்குமிங்கும் அலையாததால் டீசலும் மிச்சம். இந்தக் கணக்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. தோன்றவும் தோன்றாது, எங்கள் வயல்களுக்குத்தான் மிஷின் நேரத்துக்கு வந்துகொண்டிருந்ததே. ஒரு போகத்துக்குச் செய்து பார்த்தோம், இப்போது அதுவே முறையாகிவிட்டது.

இரண்டாவது யோசனையை மறுத்துவிட்டோம். கடையில் மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி விதை நெல் அதிகம் வைக்கச் சொன்னார்கள், போன வருடம் வாங்கியதே விற்காமல் நின்றது. மறுத்த காரணத்தை எழுதி, இருப்புப் பதிவேட்டையும் காட்டினோம். அதோடு வருவதை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். பதிவேட்டை ஒன்றரை மணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, விதை விதைப்புக்கு மூன்று வாரம் பிந்தித்தான் கடைக்கு வந்திருக்கிறது, அதனால்தான் விற்கவில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். உண்மைதான். இயக்குநர்கள் யாருமே தேதியைப் பார்த்திருக்கவில்லை.

அன்று எழுந்து போன பெரியவர் இப்போது கூட்டத்துக்கு வருகிறார், பின் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார், அதிகம் பேசுவதில்லை. வாக்குரிமை இன்னும் பிள்ளைகளுக்கு இல்லை, சட்டப்படி அது பங்குதாரர்களுக்குத்தான். சிட்டா இல்லாமல், சாகுபடிக் கணக்கான அடங்கலையும் குத்தகைச் சீட்டையும் வைத்தே பங்குதாரராகச் சேர்க்க முடியுமா என்று நிறுவனத்தின் ஆடிட்டரிடம் கேட்டிருக்கிறேன். வரும் ஞாயிறு கூட்டத்தில் முதல் விஷயமே அதுதான், மனுவை அந்தப் பந்திக் கேள்வி கேட்ட பெண் எழுதிக்கொண்டிருக்கிறாள்.