நான்கு குதிரைகளை நகர்த்தி மேடை ஏறினோம்

சிங்கப்பூரில் நடக்கும் ஓர் இசை விழாவில் வாசிக்க விண்ணப்பித்தோம். படிவத்தில் ‘இசை வகை’ என்று ஒரு கட்டம் இருந்தது. பாப், ஃபோக், ஜாஸ், வேர்ல்ட் என்று வரிசையாகப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தார்கள். கல்லூரிக் கேண்டீனில் நாங்கள் நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் மிருதங்கம். பாட்டு என் அக்கா. கிட்டார் வாசிப்பவன் மலாய் நண்பன். குஜெங் என்ற சீனத் தந்தி வாத்தியம் வாசிப்பவள் என் வகுப்புத் தோழி. நான்கு பேர் வீடும் ஈசூனுக்கும் உட்லண்ட்ஸுக்கும் நடுவில்தான். இதில் ‘வேர்ல்ட்’ எங்கிருந்து வந்தது என்று அக்காவுக்குக் கோபம்.

‘வேர்ல்ட் மியூசிக்’ என்ற அந்தப் பெயரே 1987இல் லண்டனில் ஒரு மதுக்கடையில் சில சிறிய இசைத்தட்டு நிறுவனக்காரர்கள் கூடிப் பேசி வைத்தது. அவர்கள் தட்டுகளை எந்த அலமாரியில் அடுக்குவது என்று கடைக்காரர்களுக்குத் தெரியவில்லையாம். இதைச் சொன்னவர் அப்பா. 1998இல் வோமாட் என்ற உலக இசை விழா இங்கே வந்தபோது ஃபோர்ட் கேனிங் புல்வெளியில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்டவர் அவர். “அலமாரிப் பேருக்கெல்லாம் கோவிச்சுக்காதே, டிக் பண்ணிட்டு வேலையைப் பாரு” என்றார். டிக் பண்ணினோம்.

இது எங்கள் இரண்டாவது முயற்சி. ஜூன் விடுமுறையில் நடக்கும் அகூஸ்டிக், உலக இசை விழா அது. திறந்தவெளி மேடையில் உள்ளூர் இளையர் குழுக்களுக்கு 25 நிமிடம் கொடுப்பார்கள். முந்தைய ஆண்டு அனுப்பிய காணொளியை இப்போது பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. மொத்தம் 7 நிமிடம். முதல் 3 நிமிடம் ஆலாபனை, கூடவே மின்விசிறி, நடுவில் அம்மாவின் குக்கர் விசில். ஒரே மூச்சில் எத்தனையோ காணொளி பார்க்கிறவர் அதற்குமேல் ஏன் உட்காரப் போகிறார்? இந்த முறை சமூக மன்ற அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, முதல் 20 விநாடிக்குள் நான்கு பேரும் கேட்கிற மாதிரி, வெட்டு ஒட்டு இல்லாமல் எடுத்தோம்.

காணொளியைவிடக் கஷ்டம் சுருதிதான். முதல் ஒத்திகையில் கிட்டார்க்காரன் “என்ன கீ?” என்றான். அக்கா “அஞ்சு கட்டை” என்று நம் கணக்கில் சுருதியைச் சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான். ஒரு கட்டை என்றால் சி, அங்கிருந்து வெள்ளைக் கட்டைகளை எண்ணிக்கொண்டு போனால் ஐந்தாவது ஜி என்று கீபோர்டில் காட்டியதும் புரிந்துகொண்டான். குஜெங் அவ்வளவு சுலபமில்லை. அதில் 21 தந்தி. வழக்கமாக டி சுருதியில், ஒரு ஸ்தாயிக்கு ஐந்தே சுரமாகச் சேர்த்திருப்பார்கள். தோழி சும்மா ஒரு தடவை தந்திகளை வரிசையாக வருடிவிட்டாள். அக்கா எழுந்தே விட்டாள். “டேய், இது மோகனம்டா!”

ஸ ரி க ப த, மோகன ராகத்தின் ஐந்து சுரங்கள். ஆமாம், டி என்றால் இரண்டு கட்டை, அப்படியே இரண்டு கட்டை மோகனம். ஆனால் அக்காவுக்கு இரண்டு கட்டை ஒத்துவராது, கீழே இறங்கினால் குரல் வெறும் காற்றாகிவிடும். வீணையிலும் வயலினிலும் தந்தியைத் தாங்கும் துண்டைக் குதிரை என்கிறோமே, அதுபோல குஜெங்கில் தந்திக்கு ஒரு குதிரை உண்டு. தோழி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எஃப் ஷார்ப் தந்திகள் நான்கின் குதிரையை மட்டும் நகர்த்தி, அரைச் சுரம் ஏற்றி ஜி ஆக்கினாள். மீதி 17 தந்தியையும் தொடவே இல்லை. வாத்தியம் ஐந்து கட்டை மோகனத்துக்கு வந்து நின்றது! குதிரைக்கு இடப்பக்கம் தந்தியை அழுத்தினால் சுரம் வழுக்கி மேலே போகும். காந்தாரத்தில் அக்கா கொடுக்கும் அசைவை அவள் அப்படி அழுத்தியே இரண்டு வாரத்தில் பிடித்துவிட்டாள். கிட்டார்க்காரன்தான் பாவம். பழக்கதோஷத்தில் சி கார்டு போடுவான், மோகனத்தில் இல்லாத மத்யமம் உள்ளே வந்துவிடும், மூன்று பேரிடமும் திட்டு வாங்குவான்.

தேர்வானோம் என்று மின்னஞ்சல் வந்தது. அதன் கூடவே, மேடைப் படமும் இன்புட் லிஸ்ட்டும் ஒரு வாரத்துக்குள் வேண்டும் என்று இன்னொன்று. யார் எங்கே உட்காருவார், யாருக்கு எத்தனை மைக் என்ற விவரம்தான். விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் ‘மிருதங்கம்: 1 மைக்’ என்று எழுதிவிட்டேன். என் மிருதங்க சார் பார்த்துவிட்டுத் தலையில் குட்டாத குறைதான். வலக்கைப் பக்கமான வலந்தலைக்கு ஒன்று, இடக்கைப் பக்கமான தொப்பிக்கு ஒன்று, இரண்டுக்கும் குட்டை ஸ்டாண்டு. நானும் அக்காவும் தரையில் உட்கார, மற்ற இருவரும் நாற்காலியில் இருப்பார்கள் என்பதால் எங்களுக்கு ஒரு உயரப் பலகை. பின்னணியில் விடாமல் ஒலிக்கும் சுருதி கைத்தொலைபேசியிலிருந்து வரும், அதை ஒலிக் கருவியோடு இணைக்க ஒரு டிஐ பாக்ஸ். அது, மேடையில் எங்களைப் பார்த்து வைக்கும் மானிட்டர் ஒலிபெருக்கி எல்லாவற்றிலும் கேட்க வேண்டும். கடைசியாக மிருதங்கத்தின் படம் ஒன்றை ஒட்டி, மைக் வைக்க வேண்டிய இடங்களில் அம்புக்குறி போட்டோம். எங்களைக் காப்பாற்றியது அந்த அம்புக்குறிதான்.

ஏனென்றால் அன்று காலை சுமத்ராப் பக்கமிருந்து சூறைக்காற்றோடு மழை வந்தது. மின்னல் எச்சரிக்கை விலகும்வரை மேடைப் பக்கம் யாரும் போகக்கூடாது. 11 மணிக்கு இருந்த எங்கள் சவுண்ட் செக் அதோடு போச்சு. கிடைத்தது மாலையில், குழு மாறும் 15 நிமிட இடைவெளிக்குள் ஒரு லைன் செக், அதாவது ஒவ்வொரு மைக்கும் வேலை செய்கிறதா என்ற சோதனை, மட்டும். குளுகுளு அறையில் கச்சிதமாகச் சேர்த்திருந்த வலந்தலை, ஈரக் காற்றில் தோல் தளர்ந்து இறங்கிவிட்டது. கூடாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து கல்லாலும் மரக்கட்டையாலும் தட்டித் தட்டி ஏற்றினேன். அப்புறம் டப்பாவைத் திறந்து தொப்பிக்கு ரவை பிசைந்தேன். “இங்கே சாப்பாடு கூடாது” என்றார் ஒரு தொண்டூழியர். சாப்பாடு இல்லை, தோலில் ஒட்டப் போகிறேன் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, ஒட்டுகிறவரை பக்கத்தில் நின்று பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஒலி பார்த்தவரை அபாங், மலாயில் அண்ணன், என்றுதான் கூப்பிட்டோம். கையில் எங்கள் படத்தோடு வந்தார். அம்புக்குறி காட்டிய இடத்தில் மைக்கை வைத்தார். தொப்பியில் நான் ஒரு கும்கி, அந்த வழுக்கி எழும் அடித்தொனி, கொடுத்ததும் மானிட்டர் ஊளையிட்டது. மானிட்டரில் மட்டும் அடிக்குரலைக் குறைத்து, தொப்பி மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தார். நான்கே நிமிடம்.

முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதில் அக்கா மேல் ஸ்தாயிக்குப் போகும்போது சுருதி சட்டென்று நின்று, பூங்கா முழுக்க என் ரிங்டோன் கேட்டது. ஏரோப்ளேன் மோடு போட மறந்திருந்தேன். திரையில் ‘அம்மா’. நான் எக்கி அதை அணைப்பதற்குள் தோழி குஜெங்கில் ஸட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மாற்றி மாற்றி மீட்டத் தொடங்கிவிட்டாள். அக்கா கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பாட்டு முடியும்வரை அந்த மீட்டல்தான் எங்களுக்குத் தம்புரா.

குஜெங் சாதாரண டாக்சியில் ஏறாது. சன்மானத்தில் நல்ல பங்கு மேக்சி கேப்புக்கே போனது. மீதியில் ஈசூன் காப்பிக்கடையில் எல்லாருக்கும் பிராட்டா. அந்த நேரத்தில் எதற்கு அழைத்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். உட்கார இடம் கிடைத்ததைச் சொல்லத்தானாம். சொல்லிவிட்டு, “என் போன்கூட அஞ்சு கட்டையிலதான் அடிச்சுது, நீ சரியாக் கேக்கலை” என்றார்.