லேப்டாப்புக்கு வினைல் ஒட்டினேன்: மூடிக்கு அல்ல, மணிக்கட்டு படும் இடத்துக்கு

லேப்டாப் ஸ்கின், அதாவது மேலே ஒட்டும் வினைல் பிளாஸ்டிக் படலம் என்றாலே எல்லோருக்கும் மேல் மூடிதான் ஞாபகம் வரும். புலி முகம், கார்பன் ஃபைபர் கோடு, கிரிக்கெட் அணிச் சின்னம் எல்லாம் அங்கேதான். ஆனால் மூடி பெரும்பாலும் பைக்குள் பத்திரமாக இருக்கிறது. நிஜமாகத் தேய்வது கீபோர்டுக்குக் கீழே, மணிக்கட்டு வைக்கிற பட்டை. வாட்ச் கொக்கியும் வியர்வையும் சேர்ந்து என்னுடையதில் இடது பக்கப் பூச்சை மங்கலாக்கிவிட்டன. அதை மறைக்கவும், மேற்கொண்டு தேயாமல் காக்கவும்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் போனால் படம் அச்சிட்ட ஸ்கின்னை அங்கேயே வெட்டி ஒட்டித் தருவார்கள். எனக்குப் படம் வேண்டாம். கார்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடையில் வெட்டி மிச்சமான மேட் கறுப்புத் துண்டு ஒன்றை வாங்கினேன். வினைலில் இரண்டு வகை உண்டு. சூடான உருளைகளுக்கு நடுவே நசுக்கித் தகடாக்குவது கேலண்டர்ட். இழுபட்டே உருவானதால், நாளாக ஆக அது பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். அப்போது ஓரத்தில் பசை கோடாக வெளியே தெரியும், அதில் அழுக்கு சேரும். திரவமாக ஊற்றிக் காயவைத்து எடுப்பது காஸ்ட். மெல்லியது, விலை கூடுதல், அவ்வளவாகச் சுருங்காது. கார்க்காரர்கள் நல்ல வேலைக்குக் காஸ்ட்தான் கேட்பார்கள். பசைப் பக்கம் நுண்ணிய கட்டம் கட்டமாக வரி ஓடியிருந்தால் வாங்கலாம். காற்று வெளியேறுவதற்கான வழி அது.

தடிமனைப் பார்க்காமல் எதையும் ஒட்டக்கூடாது. மூடிய லேப்டாப்பில் திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. மேக்புக்கில் கேமராவை மறைக்க ஏதாவது ஒட்டினால் அது 0.1 மி.மீ. தாண்டக்கூடாது என்று ஆப்பிளே சொல்கிறது. சாதாரண ஏ4 தாளின் தடிமன் ஏறக்குறைய அவ்வளவுதான். நான் ஏ4 தாளில் ஒரு துண்டைக் கீழ்ப்பட்டையில் வைத்து, மூடியைச் சாத்தி, உருவிப் பார்த்தேன். தடையில்லாமல் வந்தது. தாள் பிடித்துக்கொண்டால் இந்த யோசனையையே விட்டுவிடலாம்.

முதலில் மூடி, பழகுவதற்காக. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, தரையை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக்கொண்டேன். குளியலறையில் நீராவி பிடித்துத் தூசியை அடக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. லேப்டாப்பை ஆவியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. படலத்தை இடம் பார்த்து வைத்து, நடுவில் குறுக்கே மாஸ்கிங் டேப் போட்டுவிட்டால் அது நகராது. ஒரு பாதியைத் தூக்கி, பின்தாளைக் கிழித்து, நடுவிலிருந்து வெளியே தேய்த்துக்கொண்டு போக வேண்டும். பிறகு டேப்பை எடுத்துவிட்டு மறுபாதி. ஓரங்களில் மட்டும் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரே இடத்தில் நிறுத்தாமல் காட்டினேன். பின்னால் திரை இருக்கிறது அல்லவா? வைஃபை ஆன்டெனா பெரும்பாலும் திரையைச் சுற்றித்தான் இருக்கும். கார்பன் ஃபைபர் மாதிரி அச்சிட்டது வெறும் வினைல், பாதகமில்லை. நிஜ உலோகத் தகடு கலந்த படலம் சிக்னலைத் தடுக்கும், அது வேண்டாம்.

அப்புறம் கீழ்ப்பட்டை. முழு வேலையும் இதில்தான். டச்பேடைச் சுற்றி வெட்ட வேண்டும், அதன் மூலைகளோ வளைந்தவை. ஸ்கேல் வைத்து அளப்பதைவிட எளிய வழி இருக்கிறது. மெல்லிய பட்டர் பேப்பரை மேலே பரப்பி, டேப் போட்டு நிறுத்தி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எல்லா விளிம்பும் கோடாகப் பதிந்துவிடும். பதிந்த கோட்டுக்கு எல்லாப் பக்கமும் அரை மி.மீ.யிலிருந்து ஒரு மி.மீ. வரை உள்ளே தள்ளி வெட்டினேன். சரியாக விளிம்பு வரை போனால் பார்க்க அழகுதான். ஆனால் சட்டைக் கை உரசி உரசி முதலில் கிளம்புவது அந்த விளிம்புதான். வெட்டுவதெல்லாம் மேசையில், பழைய பிளாஸ்டிக் பலகை மேல். லேப்டாப்பில் ஒட்டிவிட்டு அதன் மேலேயே பிளேடு ஓட்டுவதைச் சில கடைகளில் பார்த்திருக்கிறேன். கை தேர்ந்தவர்கள் செய்யட்டும்.

கம்பெனி ஒட்டியிருந்த சின்னச் சின்ன ஸ்டிக்கர்களை முதலில் எடுத்தேன். மிஞ்சிய பசைக்கு நீலகிரித் தைலத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் போதும். சில பிளாஸ்டிக்கை அது மங்கச் செய்யும், ஆகவே கண்ணில் படாத ஓரத்தில் சோதித்துவிட்டுத் தொடவும். தைலப்பசை போக மீண்டும் ஆல்கஹால்.

கீழ்ப்பட்டைக்கு டிரையர் காட்டவே இல்லை. பெரும்பாலான லேப்டாப்களில் பேட்டரி இருப்பது அதற்கு நேர் கீழே. துணி சுற்றிய கட்டைவிரலால் அழுத்தியே மூலைகளைப் படியவைத்தேன். இந்தப் பசை அழுத்த அழுத்தப் பிடிக்கும் வகை, முழுப் பிடிப்பு வர ஒரு நாள் விட வேண்டும். அதுவரை மணிக்கட்டை வைக்காமல் தனிக் கீபோர்டில் வேலை பார்த்தேன். டச்பேடை மறைக்கவில்லை. மெல்லிய படலத்தின் வழியாகவும் அது விரலை உணரும்தான், ஆனால் விரல் வழுக்குவது மாறிவிடும். அடிப்பகுதியையும் தொடவில்லை. அங்கே காற்றுத் துளை, திருகு, ரப்பர் கால் என்று ஏகப்பட்ட தடங்கல். சர்வீஸுக்குப் போனால் எப்படியும் கிழிப்பார்கள்.

சில வாரங்கள் ஆகின்றன. மேட் பரப்பு வெறும் உலோகம் போலச் சில்லென்று இல்லை, வியர்வைத் தடம் தெரிவதில்லை. டச்பேடின் வலது மூலையில் நூலளவு தூக்கியிருந்தது. அங்கே பிளேடால் வளைவை இன்னும் கொஞ்சம் உள்ளே சீவி அழுத்தியதும் அடங்கிவிட்டது. மூடியில் ஒரு தூசிப் புள்ளி மேடாக நிற்கிறது. தொட்டால்தான் தெரியும், விட்டுவிட்டேன்.

இதைப் பார்த்துவிட்டுத் தங்கை அவளுடையதற்கும் ஒட்டச் சொன்னாள். அவள் லேப்டாப்பில் ரப்பர் போல மெத்தென்ற பூச்சு, அதுவும் ஏற்கெனவே பிசுபிசுக்கத் தொடங்கியது. பிற்பாடு வினைலை உரித்தால் பூச்சும் கூடவே வந்துவிடலாம். துணியில் தைத்த மணிக்கட்டுத் திண்டு ஒன்று வாங்கிக்கொள், மூடும்போது மறக்காமல் எடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறேன்.