ஐஎம்இஐ இல்லாத இரண்டு நாட்கள்

ஆத்தங்குடியில் கல் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுபவன் நான். பட்டறைக்கு வரும் முன்பணத்தில் பெரும்பகுதி என் கைபேசியின் யூபிஐ வழியாகத்தான் வந்து சேரும். அப்படிப்பட்ட கைபேசியின் இயங்குதளத்தையே மாற்றத் துணிந்தது, இன்று நினைத்தால் சற்று அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் தோன்றுகிறது. ஆனாலும் காரணமில்லாமல் இறங்கவில்லை. வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன; பாதுகாப்புப் புதுப்பிப்பு கடைசியாக வந்தே இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பேட்டரியும் திரையும் நன்றாக இருக்கும் கருவியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. 2016 டிசம்பரில் சயனோஜென்மாட் திட்டம் மூடப்பட்டபோது அதன் தொடர்ச்சியாகத் தொடங்கிய லினேஜ் ஓஎஸ் என்ற ஆண்ட்ராய்டு சார்ந்த இயங்குதளம், என் மாடலுக்கு இன்னும் வெளிவந்துகொண்டிருந்தது.

முதல் வேலை, கைபேசியை இயக்கும்போது இயங்குதளத்தை எழுப்பும் பூட்லோடர் என்ற நிரலின் பூட்டைத் திறப்பது. விண்ணப்பித்த பிறகு 168 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று கணினித் திரையில் வந்தது. திறக்கும்போது கைபேசியிலுள்ள அனைத்தும் அழியும். திருடியவன் பூட்டைத் திறந்து உள்ளே இருப்பதைப் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதால் அதைக் குறைசொல்ல முடியாது. படங்களையும் தொடர்பு எண்களையும் முன்கூட்டியே கணினிக்கு மாற்றிவிட்டேன். குறிப்புச் செயலியில் எழுதி வைத்திருந்தவை மட்டும் நினைவுக்கு வரவில்லை. கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் பட்டாலைக்குக் கல் பதிக்க எடுத்த அளவுகள் அதில்தான் இருந்தன. மறுபடியும் டேப்பை எடுத்துக்கொண்டு போய் நின்றபோது, அந்த வீட்டு ஆச்சி, "போன வாரந்தானப்பா அளந்துட்டுப் போனீக?" என்று கேட்டார்கள். கைபேசிக் கதையைச் சொல்லத் துணிவில்லாமல், சரிபார்க்க வந்ததாகச் சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்ததாக, பேக்கப் எடுக்கவும் புதிய இயங்குதளத்தை நிறுவவும் உதவும் டிடபிள்யூஆர்பி என்ற ரிக்கவரி நிரலை ஏற்றினேன். அதில் பேக்கப் எடுக்கும் பக்கத்தில் ஈஎஃப்எஸ் என்ற கட்டமும் இருந்தது. கைபேசியின் அடையாள எண்ணான ஐஎம்இஐயும், சிக்னலைக் கையாளும் மோடத்தின் அளவீடுகளும் அந்தச் சிறு பகுதியில்தான் இருக்கின்றன. சில மெகாபைட்டுதானே என்று அதையும் குறியிட்டு ஒரு பென்டிரைவில் போட்டு வைத்தேன். அப்போது அதைப் பெரிதாக எண்ணவில்லை.

அது ஐப்பசி மாதம், நல்ல மழை. புதிய இயங்குதளத்துக்கு முன் அதற்கேற்ற ஃபர்ம்வேரை (வன்பொருளை இயக்கும் அடிப்படை மென்பொருளை) ஏற்ற வேண்டியிருந்ததால், யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் கேபிளைச் செருகி, கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டிருந்தேன். பாதியில் கரண்டு போய்விட்டது. கைபேசியில் சில பார்ட்டிஷன்கள் (நினைவகப் பகுதிகள்) புதிய பதிப்பிலும் மற்றவை பழைய பதிப்பிலுமாக நின்றன. பவர் பொத்தானை அழுத்தினால் நிறுவனத்தின் சின்னம் வரும், அணையும், மறுபடி வரும். பூட்லூப் என்று படித்திருந்ததை அன்றுதான் நேரில் பார்த்தேன். பவரையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தியபோது கணினியிலிருந்து கட்டளை வாங்கிக்கொள்ளும் ஃபாஸ்ட்பூட் திரை வந்ததும்தான் மூச்சு வந்தது. அதுவும் வராவிட்டால் கைபேசி வெறும் செங்கல்தான்.

கரண்டு வந்தபின், ஒருவர் இணையத்தில் தொகுத்து வைத்திருந்த பழைய இயங்குதளத்தைத் திரும்ப ஏற்றத் தொடங்கினேன். ரோல்பேக் தடுப்பு உள்ள சில கருவிகளில், இருப்பதைவிடப் பழைய பதிப்பை இறக்கினால் மீளவே முடியாது என்பதால் பதிப்பு எண்ணை இரண்டு முறை ஒப்பிட்டேன். ஏற்றும் மென்பொருளின் அடிப்பகுதியில் 'கிளீன் ஆல் அண்ட் லாக்' என்பது தானாகவே தேர்வாகியிருந்தது கடைசி நொடியில்தான் கண்ணில் பட்டது. உள்ளே இருக்கும் தொகுப்பு சரியில்லாத நிலையில் பூட்லோடர் பூட்டிக்கொண்டால், கைபேசி எழவும் எழாது, எளிதில் திறக்கவும் முடியாது. அதை மாற்றிய பிறகே தொடங்கினேன்.

கைபேசி எழுந்துவிட்டது, சிக்னல்தான் இல்லை. *#06# அழுத்தினால் 15 இலக்க எண் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்தத் தொகுப்பின் கட்டளைக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தபோதுதான், மோடத்தின் தகவலை அழிக்கும் இரண்டு வரிகள் நடுவில் இருந்தது தெரிந்தது. ஓடவிடுவதற்கு முன்பே திறந்து பார்த்திருக்க வேண்டிய கோப்பு அது.

காரைக்குடியில் ஒரு பழுதுநீக்கும் கடைக்குக் கொண்டுபோனேன். "வேற ஐஎம்இஐ எழுதிடலாம்ணே, அரை மணி நேர வேலை" என்றார் அங்கிருந்த தம்பி. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி இவ்வகை அடையாள எண்ணைத் திருத்துவது மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். வேண்டாமென்று திரும்பிவிட்டேன். பேருந்தில் வரும்போதுதான் பென்டிரைவ் நினைவுக்கு வந்தது. அன்றிரவு மறுபடி ரிக்கவரியை ஏற்றி, ஈஎஃப்எஸ் பேக்கப்பை மட்டும் திரும்ப வைத்தேன். எண் வந்தது, சிக்னலும் வந்தது. இடைப்பட்ட இரண்டு நாட்களில் தேவகோட்டையிலிருந்து வரவேண்டிய முன்பணத்தை வாங்க முடியவில்லை. சிம்மிலிருந்து குறுஞ்செய்தி போகாமல் யூபிஐ செயலி கருவியை ஏற்றுக்கொள்ளாது.

அடுத்த ஞாயிறன்று, பேட்டரியில் ஓடும் மடிக்கணினி ஒன்றை இரவல் வாங்கி லினேஜ் ஓஎஸ்ஸை நிறுவினேன். அது இருபது நிமிட வேலையாக முடிந்தது. முதலில் ஓர் அழைப்பு செய்து பார்த்தேன். என்னுடையது ஜியோ சிம். அவர்களுக்கு 2ஜி, 3ஜி கிடையாது என்பதால் 4ஜி வழியாகவே பேச உதவும் வோல்ட்இ இயங்காவிட்டால் இணையம் வரும், பேச்சு வராது. நல்லவேளையாக அது இயங்கியது. சில ஓடிடி செயலிகளில் படம் எச்டி தரத்தில் வராமல் போனதை நான் பொருட்படுத்தவில்லை.

வங்கியின் செயலிதான் கடைசிவரை திறக்கவில்லை. நான் ரூட் செய்யவில்லை, அதாவது இயங்குதளத்தின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் பூட்லோடர் திறந்திருப்பதைக் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனை கண்டுகொள்கிறது. அதை ஏமாற்றும் மாட்யூல்கள் (துணை நிரல்கள்) உண்டு என்றார்கள். யாரென்றே தெரியாத ஒருவர் எழுதிய மாட்யூலுக்கு ரூட் அதிகாரம் கொடுத்து, அதே கருவியில் பட்டறைப் பணத்தையும் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு புதிய மலிவுக் கைபேசி வாங்கி, சிம்மையும் வங்கிச் செயலிகளையும் அதற்கு மாற்றிவிட்டேன். பழையது இப்போது பட்டறை வைஃபையில் கல் வடிவங்களைப் படமெடுக்கவும் அளவு குறிக்கவும் பயன்படுகிறது. மாதந்தோறும் பாதுகாப்புப் புதுப்பிப்பு அதற்குத்தான் தவறாமல் வருகிறது.